சான்றிதழ் கொடுத்தோம், சனிக்கிழமையை மறந்தோம்

2021 நவம்பரில் முதல் தையல் பயிற்சி முடிந்த அன்று பதினெட்டுப் பெண்களுக்கும் சான்றிதழ் கொடுத்தோம். மெஷின்கள் வாங்கித் தந்த அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்திருந்தார்கள். சால்வை, கேசரி, குரூப் போட்டோ என்று எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு அக்கா அன்றைக்கே வேடசந்தூர் போய் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டு வந்து, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பொங்கல் கழிந்து ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால் வாங்கப் போனேன். அதே அக்கா தூக்குச்சட்டியோடு மில் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பு என்னுடையது என்று எனக்குப் புரிய இன்னும் நாலைந்து மாதம் பிடித்தது.

எங்கள் ஊர் வேடசந்தூருக்கும் எரியோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. சோளம், முருங்கை, தண்ணீர் வசதி உள்ளவர்களிடம் கொஞ்சம் கண்வலிக்கிழங்கு. மழை பொய்த்தால் மிச்சம் இருப்பது சுற்றியுள்ள நூல் மில்கள்தான். அந்த வண்டிகள் எங்கள் ஊருக்குள் வராத நாள் கிடையாது. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி, மில்லுக்குப் போகாமல் திருப்பூர் போனவள். பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, கடைசியில் செக்கிங்கில் நின்றேன். மொத்தம் பதினோரு வருஷம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன், அப்புறம் திரும்பிப் போகவில்லை. தொழில் தெரிந்தவள் ஊரில் இருக்கிறாள் என்று பேச்சு பரவி, ஒருவர் மூலம் ஒருவராக அந்த அறக்கட்டளை என்னைத் தேடி வந்தது.

அவர்கள் கொடுத்த பாடத்திட்டத்தில் இருந்தது ரவிக்கை, சுடிதார், குழந்தைகள் கவுன். நானும் கேள்வி கேட்காமல் நாற்பத்தைந்து நாள் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் முந்நூற்றுச் சொச்சம் வீடு. ஏற்கெனவே மூன்று பேர் ரவிக்கை தைக்கிறார்கள். அவர்களுக்கே தீபாவளி, பொங்கல், திருவிழா விட்டால் வேலை இல்லை. அங்கே ஒரே நாளில் பதினெட்டு டெய்லர்களை இறக்கிவிட்டால் யாருக்கு யார் தைப்பது? பயிற்சி முடிந்த பெண்கள் தங்கள் ரவிக்கையைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். பழைய டெய்லர்கள் மூவரும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முதல் பயிற்சியில் கண்ட பலன் அவ்வளவுதான்.

வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த வேலைக்கு ஆள் பழக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். 2022 பிப்ரவரியில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு ஆர்டர் தேடக் கிளம்பினேன். திருப்பூரில் எனக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் அண்ணன் உண்மையைச் சொன்னார்: "அஞ்சாயிரம் பீசுக்குக் கொறஞ்சு உன்கிட்ட என்னம்மா பேசுறது? வண்டி வாடகைக்கே கட்டாது." நத்தம் பக்கம் சட்டை தைக்கிற ஊர்களில் அவர்களுக்கு அவர்களே ஆள் வைத்திருக்கிறார்கள், புதிதாக நுழைவது கஷ்டம். கடைசியில் கைகொடுத்தது திண்டுக்கல்லில் ஒரு மொத்த ஜவுளிக்கடை. உள்பாவாடை. துணியை அவர்களே வெட்டித் தருவார்கள், தைத்து, பிசிறு வெட்டி, நாடா கோத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். ஆறு துண்டு இணைத்துத் தைக்கிற ஒரு பாவாடைக்குக் கூலி 9 ரூபாய். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் ரவிக்கை மாதிரி ஒவ்வொருத்திக்கும் அளவு மாறாது, மாடல் மாறாது. புதிதாகப் பழகியவளுக்கு ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பத் தைப்பதில்தான் கை ஓடும்.

முதல் லாட் 200 பாவாடை போனது. 64 திரும்பி வந்தது. நாடா ஓடும் பட்டி சிலதில் அகலம், சிலதில் குறுகல், சிலதில் நாடாவே நுழையவில்லை. இடுப்புச் சுற்றளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைக்காரர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. ராத்திரி எல்லாவற்றையும் தரையில் பரப்பி, யார் தைத்தது எது என்று பிரித்துப் பார்த்தேன். ஒருத்தி தைத்ததெல்லாம் ஒரே மாதிரி அரை இஞ்ச் பெரிது. இன்னொருத்தி தைத்தது சரி. இருவரின் அளவு நாடாவையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நைந்து இழுபட்டு, முப்பது இஞ்சுக்கு மற்றதைவிட அரை இஞ்ச் நீண்டிருந்தது! பாவம், அவள் கை தப்பவே இல்லை. மறுநாள் எல்லா அளவு நாடாவையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பட்டி அகலத்துக்கும் இடுப்புக்கும் அட்டையில் அளவு வெட்டி மெஷினுக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டோம். அடுத்த லாட்டில் திரும்பி வந்தது 7. நாற்பத்தைந்து நாள் வகுப்பில் கற்றுக்கொடுக்காததை அந்த 64 பாவாடை கற்றுக்கொடுத்தது.

சரி, வேலை வந்தது. ஆனாலும் ஆட்கள் நிற்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடித்து இரண்டாயிரம், மூவாயிரம் என்று கையில் கொடுத்தேன். நல்ல தொகைதான். ஆனால் ஒவ்வொருத்தியாக "உடம்பு முடியல", "மாமியா வீட்டுல விசேஷம்" என்று வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடப் போனேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பைக்கில் வந்த தம்பி ஒருவர் கையில் டேப்லெட். குழுக் கடன் தவணை. எங்கள் பக்கத்தில் 'குழு' என்றால் இப்போது மகளிர் குழு இல்லை, வாரத் தவணைக்காரர்கள்தான். ஒரு வீட்டுக்கு இரண்டு கடன், மூன்று கடன் சாதாரணம். அந்தப் பெண்ணுக்குத் திங்கள் 640, வியாழன் 520. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. மாதக் கடைசியில் நான் கொடுக்கும் மூவாயிரத்தை நம்பி எந்தத் திங்கட்கிழமையைச் சமாளிப்பாள்? மில்லில் அவசரத்துக்கு அட்வான்ஸ் கிடைக்கும். களையெடுக்கப் போனால் சாயங்காலமே காசு.

எனக்கே என்மேல் கோபம் வந்தது. திருப்பூரில் பதினோரு வருஷமும் நான் சனிக்கிழமை சம்பளம் வாங்கியவள். அந்த ஊரே சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஊருக்கு வந்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவள் ஆனதும் அதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. கடையிலிருந்து எனக்குப் பணம் வர இருபது நாள் ஆகும் என்பது ஒரு காரணம். நகையை அடகு வைத்து 30,000 ரூபாயைத் தனியாகப் பிரித்து வைத்தேன், அதைச் சம்பளத்தைத் தவிர வேறெதற்கும் தொடுவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு நோட்டைத் திறந்து, அவரவர் எண்ணிக்கையை அவரவரே வாசித்து, கையெழுத்துப் போட்டுப் பணம். அடுத்த மாதமே ஆட்கள் நிலைத்து நிற்க ஆரம்பித்தார்கள். இப்படி ஒரு மையம் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். மெஷின் வாங்க நன்கொடை தர ஆள் கிடைப்பார்கள். சம்பளத்தை முன்கூட்டிப் போடும் சுழற்சிப் பணத்துக்கு யாரும் தரமாட்டார்கள், அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. அதை நீங்கள்தான் முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். பத்து முதல் ஐந்து என்று ஆபீஸ் கணக்கில் போர்டு மாட்டியிருந்தேன். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் எட்டரைக்குத் திறந்தால் பத்தரை வரை குடம் நகராது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். நடுவில் நூறு நாள் வேலை வந்தால் அதற்கும் போக வேண்டும், நாளைக்குக் கார்டு ஓட வேண்டுமே. பத்தரையிலிருந்து மூன்றரை என்று மாற்றினேன். பிசிறு வெட்டுவது, நாடா கோப்பது, மடிப்பது மூன்றையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். இதில் எதிர்பாராத லாபம் மாமியார்கள். மருமகளை அனுப்ப மாட்டேன் என்று நின்ற ஒரு பெரியம்மா, நாடா கோத்து வாரம் இருநூறு ரூபாய் பார்த்ததும், "ஏத்தா, நாளைக்கு இன்னும் ஒரு கட்டு சேத்தே குடுத்துவிடு" என்று மருமகளை அவரே விரட்ட ஆரம்பித்தார். கைக்குழந்தை உள்ளவர்களுக்காக விட்டத்தில் பழைய சேலையால் ஒரு தொட்டில் கட்டினோம். செலவு பூஜ்யம். ஒரே சமயத்தில் இரண்டு குழந்தைகள் வந்துவிட்டால் மட்டும் சண்டை.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், பலரும் இதை எழுதுவதில்லை. முதலில் மையம் இருந்தது ஊருக்குள், மந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இலவசமாகக் கொடுத்த மண்டபத்தில். காலனிப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. கூப்பிட்டால் "வர்றோம்க்கா" என்பார்கள், வரமாட்டார்கள். நானும் ஆர்வம் இல்லை என்றே நினைத்தேன். ஒரு பொண்ணு போட்டு உடைத்தாள்: "அங்க வந்தா எந்தப் பானையில தண்ணி குடிக்கிறதுக்கா?" வாடகை இல்லாத இடம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், வாடகையை அவர்கள் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் பின்னால், இரண்டு பக்கமும் சமதூரம் வரும் ஒரு தகரக் கொட்டகைக்கு மாதம் 1,800 ரூபாய் வாடகைக்கு மாறினோம். ஒரே பானை. இரண்டு பேர் அதனாலேயே நின்றுவிட்டார்கள். நின்றது நின்றதுதான், போய்க் கூப்பிடவில்லை.

படிப்பு நின்றுபோன பிள்ளைகள் இதில் எப்படி நுழைந்தார்கள் என்றால், துணிப்பையால்தான். 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு பிரச்சாரம் தொடங்கியது, கூடவே தாம்பூலப் பையைத் துணியில் கேட்கிறவர்கள் கூடினார்கள். தைப்பது சுலபம், ஆனால் பெயரும் முகூர்த்தத் தேதியும் அச்சடித்துத் தர வேண்டும். திண்டுக்கல்லில் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்து விட்டுவந்த ஒரு தம்பி ஊரில் சும்மா இருந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். எல்லாம் பத்தாவதிலோ பன்னிரண்டிலோ நின்றுபோனவர்கள். கொட்டகையின் ஓரத்தில் அச்சு பிரேமும் மையும் வைத்து இறங்கினார்கள்.

மூன்றாவது ஆர்டரிலேயே அடி. 250 பையில் மணப்பெண் பெயரில் இருந்த ழகரம் லகரமாகிவிட்டது. பெண்ணின் அப்பா மூட்டையை அப்படியே கொண்டுவந்து இறக்கினார். "கல்யாணத்துக்கு முந்தியே எம்பொண்ணு பேரை மாத்திட்டீங்களேம்மா" என்றார். விடிய விடியப் புதிதாகத் தைத்து அச்சடித்துக் கொடுத்தோம். கெட்டுப்போன பைகளை உள்ளே வெளியே திருப்பித் தைத்து மளிகைக்கடைக்குக் குறைந்த விலையில் தள்ளினோம். அந்த ராத்திரி மை இழுத்துக்கொண்டிருந்த பையன், பத்தாவதில் தமிழிலேயே பெயிலானவன், மெதுவாகச் சொன்னான்: "எனக்கு அப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா. நான் சொன்னா யாரு கேப்பான்னு விட்டுட்டேன்."

அதற்கு முன்பும் சாயங்கால வகுப்பு ஒன்று நடத்திக்கொண்டுதான் இருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் தெருவில் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர் இருந்தார், எட்டாம் வகுப்பு வரை அவர் பார்த்துக்கொண்டார். பத்தாவதைத் தாண்டாதவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தேன், நாலாம் நாள் எவரும் வரவில்லை. பெயிலானவனை மறுபடி அதே புத்தகத்தின் முன் உட்கார வைப்பது அவன் மேல் அதே அடியை மறுபடி வைப்பது மாதிரி. தோற்ற எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். ழகரச் சம்பவத்துக்குப் பிறகு வகுப்பை மாற்றினேன். வந்த ஆர்டர் வாசகத்தை அன்றைக்குப் படித்துத் திருத்துவது தமிழ். அந்தப் பையன்தான் பிழை பார்ப்பவன். அவன் கையெழுத்து இல்லாமல் பிரேம் போகாது.

கணக்குக்குத் துணி இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு பைக்கு 11 இஞ்ச் அகலம், 26 இஞ்ச் நீளத்தில் ஒரு துண்டு வேண்டும். துணியின் அகலம் 44 இஞ்ச், அதனால் குறுக்கே நாலு துண்டு விழும். ஒரு மீட்டர் என்பது 39 இஞ்ச் சொச்சம். அதில் நாலு பை போக 13 இஞ்ச் வீண். இரண்டு மீட்டர் வாங்கினால் எட்டு பையா? "இல்லக்கா, பன்னெண்டு!" என்று கத்தினாள் ஒருத்தி. 26 மூன்று தடவை 78, இரண்டு மீட்டர் 78 இஞ்சுக்குச் சற்று மேல். நான் அதுவரை மீட்டர் மீட்டராகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து துணி எடுப்பது அவள் கணக்குப்படிதான். அவள் கணக்கில் 35 எடுக்க முடியாமல் இரண்டு முறை விழுந்தவள். அடுத்த துணைத்தேர்வில் ஏழு பேர் எழுதி ஐந்து பேர் தேறினார்கள். அவளும் தேறினாள். இப்போது ஐடிஐ போகிறாள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. வெல்டர், ஒயர்மேன் மாதிரித் தொழில்களுக்கு ஐடிஐயில் எட்டாவது தேர்ச்சியே போதும் என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பத்தாவது போனால் எல்லாம் போச்சு என்று நினைத்து மில் வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

தெரியாததால் நஷ்டப்பட்டது வேறு சிலவும் உண்டு. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, நான் ஒரு கணினி மையத்தில் 1,500 ரூபாய் கொடுத்துப் பதிந்தேன். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். அறக்கட்டளையைத் தேடுவதற்கு முன் அங்கே போயிருக்கலாம், பின்னால் நாலு பேரை அனுப்பினோம். மகளிர் சுய உதவிக் குழு 1989இல் தருமபுரியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது, எங்கள் ஊரிலும் பழைய குழு ஒன்று பேருக்கு இருந்தது. நோட்டை மட்டும் யாரும் எழுதவில்லை. வாரம் தவறாமல் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்குப் புத்தகம் இந்த ஐந்தும் ஒழுங்காக இருந்தால்தான் வங்கி வாசலில் பேச்சே. ஆறு மாதம் நோட்டு எழுதிக் காட்டிய பிறகு கிடைத்த கடனில்தான் என் நகையை மீட்டேன். இரண்டு பெண்கள் தங்கள் பங்கில் வாரத் தவணைக் கடன் ஒன்றை மொத்தமாக அடைத்தார்கள்.

எல்லாம் கூடிவந்தது என்று சொல்லமாட்டேன். தேர்வு எழுதிய ஏழு பேரில் தேறாத இரண்டு பேரில் ஒருத்தியின் அப்பா மில்லில் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அவள் இப்போது மில் ஹாஸ்டலில் இருக்கிறாள், பொங்கலுக்கு வந்தபோது கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் போனாள். முதல் பதினெட்டுப் பேரில் இன்றைக்கு மெஷினில் இருப்பது ஆறு பேர். மீதி மெஷின்களில் உட்கார்ந்திருப்பது பின்னால் வந்தவர்கள், சான்றிதழ் வாங்காதவர்கள்.

தாம்பூலப் பைக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் குறைவு. முதல் ஆடியில் இதை யோசிக்காமல் மாட்டிக்கொண்டோம். இப்போது சித்திரையிலேயே கடைக்காரரிடம் பேசி ஆடிக்கென்று பாவாடை லாட் கேட்டு வாங்கி வைக்கிறோம். அப்படியும் இந்த ஆடியில் சனிக்கிழமைச் சம்பளம் பாதிதான் வருகிறது. போன வாரம் இரண்டு பேர் ஆடி முடியும் வரை மில்லுக்குப் போய் வருகிறோம் என்றார்கள். ஒருத்தி, சான்றிதழை லேமினேஷன் போட்டு மாட்டிய அதே அக்கா. போன வருஷம்தான் மில்லை விட்டு எங்களிடம் திரும்பி வந்தவர். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஆவணி ஒண்ணாந்தேதி வந்துருவேன். என் மெசினை யாருக்கும் குடுத்துறாத" என்று சொல்லிவிட்டுத் தன் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்பு நூல் சுற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.